திருத்தியவர் ஒரு சுற்று நடக்க வேண்டும்

என் மனைவி இறந்த பத்தாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒன்பது ஜோடி கான்வாஸ் ஷூக்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே கூடத்தில் ஒன்பது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. பூங்காவில் உடன் நடப்பவர்கள் என்று சொன்னார்கள். என் மனைவி நான்கு ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்குக் கள்ளிக்குப்பத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனாள் என்பது எனக்குத் தெரியும். அங்கே அவளுக்கு மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியதில்லை.

அவர்களில் தலைவி போலிருந்தவர் எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, அகன்ற தோள்கள் உடைய அம்மாள். மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குள் கேன்டீன் நடத்துகிறவர் என்றும், அந்தத் தொழிற்சாலை நிற்கிற நிலத்தில் அவருடைய மாமனார் நெல் விளைவித்தவர் என்றும் பிற்பாடு அறிந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் முகத்துடன் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"சார், மைசெல்ஃப் அண்ட் ஆல் மெம்பர்ஸ் ஆர் வெரி வெரி சாட்."

நான் சொன்னேன்: "'மைசெல்ஃப்' அங்கே வராது."

மேலும் சொன்னேன்: "'ஆல் த மெம்பர்ஸ் அண்ட் ஐ' என்பதே சரி. தன்னைப் பிறகு சொல்வது ஆங்கிலேயர் மரபு."

அந்த அம்மாளின் முகத்தில் சினமோ வெட்கமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பழக்கத்தால் தானாகவே வாயில் வந்துவிட்டது போல அவர் சொன்னார்: "ஒரு ரவுண்டு, சார்."

சொன்ன மறுகணம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் மற்ற எட்டுப் பெண்களும் அதற்குள் சிரித்துவிட்டிருந்தார்கள். துக்க வீட்டில், மாலை போட்ட படத்துக்கு முன்னால், அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பிலேயே ஒவ்வொருவராக அழத் தொடங்கினார்கள். நான் ஒருவன்தான் இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திருத்தத்துக்கு நான் வருந்தியிருக்க வேண்டும். உண்மையில், அந்தப் பத்து நாள்களில் நான் தயக்கமின்றிச் சொன்ன ஒரே சொல் அதுதான். மற்ற எதற்கும் என்ன விடை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அதில் இலக்கியம் கொஞ்சம், இலக்கணம் கொஞ்சம். சிவப்பு மை அதிகம். 'மைசெல்ஃப்', 'யுவர்செல்ஃப்' போன்ற ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர்கள் மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு. அவற்றின் விதி எளியது. ஒரு செயலைச் செய்பவரும் அச்செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரே ஆனால்தான் அவை வரலாம். முன்னே ஒரு 'நான்' நிற்க வேண்டும். அதன் பின்னரே 'என்னையே' என்பது வர முடியும். முகம் இல்லாமல் கண்ணாடியில் பிம்பம் வராது. இவ்வளவுதான் விதி. பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்.

எங்கள் அம்பத்தூருக்குப் புரியாது. இந்த வட்டாரத்தில் 'ஐ' என்று தொடங்குவது பனியனோடு வாசலுக்கு வந்து நிற்பதைப் போன்றது. அந்த ஓரெழுத்து மிகவும் மெலிந்து, மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. ஆகவே எல்லோரும் 'மைசெல்ஃப்' என்று சட்டை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு கணினிப் பொறியாளரும், "மைசெல்ஃப் பி பிளாக், மூன்றாம் மாடி" என்று அறிமுகமாகிறார். தண்ணீர் லாரி வராவிட்டால் 'மைசெல்ஃப்'பைத் தொடர்புகொள்ளும்படி செயலாளர் லிஃப்டில் ஒட்டுகிறார். காப்பீடு விற்கும் இளைஞர் தொலைபேசியில், "யுவர்செல்ஃப் ரிட்டயர்டா சார்?" என்று என் நலம் விசாரிக்கிறார். வானகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு 'யுவர்செல்ஃப் அண்ட் ஃபேமிலி' என்று அழைப்பிதழ் வந்தபோது, அதைத் திருத்தி, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். மணமகள் என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் கல்யாணத்துக்கு அவள் மட்டும் போய் வந்தாள்.

வேண்டாத இடத்தில் இப்படிச் சூட்டிக்கொள்கிறவர்கள், வேண்டிய இடத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பது இன்னும் விந்தை. 'பார்ட்டியில் எல்லோரும் என்ஜாய் பண்ணினோம்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி அந்தரத்தில் மகிழ முடியாது. 'ஐ என்ஜாய்டு மைசெல்ஃப்' என்று, மகிழ்ந்தவர் தம்மையே பொறுப்பாக்கிச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகளில் இதை விடைத்தாளில் சரியாக எழுதியவர்களை நான் ஒரு கையால் எண்ணிவிடுவேன். பேச்சில் சரியாகச் சொன்ன ஒருவரையும் கேட்டதில்லை.

என் மனைவி அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள். அதிகாரிகளின் ஆங்கிலத்தை, அதன் பிழைகளில் ஒன்றுகூட விட்டுப்போகாமல், ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்தாள். பேசும்போது அவளும் அம்பத்தூர்தான். மணமான புதிதில், என் துறைத்தலைவரின் வீட்டில், அவருடைய மனைவியிடம் "மைசெல்ஃப் ஒர்க்கிங் இன் செக்ரட்டேரியட்" என்றாள். நான் அங்கேயே திருத்தினேன். அடுத்த முறையும் திருத்தினேன். தனியே அழைத்துச் சொன்னால் மனத்தில் பதியாது. நாலு பேர் நடுவே சொன்னால் மறக்காது என்பது என் கற்பித்தல் முறை. வகுப்பில் அது நல்ல பலன் தந்திருந்தது. வீட்டிலும் தந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் அவள் என் முன்னால் ஆங்கிலம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிழைகள் முற்றிலும் நின்றுபோயின. அதை நான் வெற்றியாகவே கருதினேன்.

பிறகு ஒரு கையேடு எழுதினேன். பொதுவாக நேரும் ஆங்கிலப் பிழைகள் பற்றிய சிறு நூல். கல்லூரி வாசல் கடைகளில் இரண்டு பதிப்பு விற்றது. தற்சுட்டுப் பெயர்களுக்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பிழைக்குச் சான்றாகப் பதினோரு வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெருக்கல் குறி இட்டிருந்தேன். அந்தப் பதினொன்றில் ஏழு என் மனைவி சொன்னவை. கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவளும் அவளே. ஏழு வாக்கியங்களையும், ஏழு பெருக்கல் குறிகளையும், வரி பிறழாமல் அடித்துக் கொடுத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அவளுக்கு நினைவிருந்திருக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

பத்தாம் நாளுக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியபோது, வாசலில் ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கேன்டீன் அம்மாளிடம், 'ரவுண்டு' என்றால் என்ன என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல சார், நம்ம பார்க்குல ஒரு ரூலு." அவர் நிமிரவில்லை. "நடக்கசொல்லோ இங்கிலீஷ்லதான் பேசணும். தப்போ ரைட்டோ, பேசணும். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. திருத்துனா அவங்க எக்ஸ்ட்ரா ஒரு ரவுண்டு நடக்கணும்."

"எதற்கு அப்படி ஒரு விதி?"

"ஊட்ல வாயத் தொறந்தா பேரன் திருத்துறான். மருமக திருத்துறா. பேங்க்ல போனா அந்தப் பொண்ணு சிரிக்கிது. நாங்கோ எங்கதான் சார் தப்பா பேசறது?"

நியாயமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு நகைப்பாகத்தான் இருந்தது. பிழை செய்வதற்கென்று ஒரு சங்கம், அதற்குப் பூங்கா, அதற்கு ஷூ.

"யார் வகுத்த விதி இது?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்காதான். வேற யாரு?"

என் மனைவியா என்று நான் திகைத்ததை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆறுதல் சொல்கிறவராகத் தொடர்ந்தார். "இன்னா மாதிரி பேசுவாங்க தெரியுமா சார்! கடகடன்னு வரும். நாங்கோ சிரிச்சி சிரிச்சி வயிறு நோவும். டிரீட்மென்ட்டு ஆரம்பிச்சி நடக்க முடியாம போச்சில்ல, அப்பகூட வாய்ஸ் அனுப்புவாங்கோ. போன்ல போட்டுக்கினே நடப்போம். அக்கா கூட வர்ற மாதிரியே கீதும்."

"குரல் பதிவா? இப்போதும் இருக்கிறதா?"

"பத்திரமா கீது சார். பன்னெண்டு."

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் நாள் அவளுடைய கைபேசியை எடுத்து, அதனுடன் வந்த விளக்கத்தாளில் சொல்லியிருந்தபடி ஒவ்வொரு படியாக அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, துடைத்து, வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடம் கொடுத்துவிட்டேன். ஒருவர் போனபின் அவருடைய பொருள்களை ஒழுங்கு செய்வது கடமை என்பது என் எண்ணம். மிகச் சரியாக அழித்திருந்தேன். படங்கள் என்னிடம் அச்சிலும் இருந்தன. குரல் என்று ஒன்று உண்டு என்பதை மறந்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. குரல் பதிவு அனுப்புவது எழுதச் சோம்பல்படுகிறவர்களின் வழக்கம் என்று நான் ஒருமுறை சொன்னதால், எனக்கு அவள் எப்போதும் எழுத்திலேயே செய்தி அனுப்புவாள். 'பால் வாங்கவும்.' 'சாவி பக்கத்து வீட்டில்.' முற்றுப்புள்ளிகள் எல்லாம் சரியாக இருக்கும்.

"எனக்கு அனுப்புங்கள்" என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது.

"அது முடியாது சார். அக்கா சத்தியம் வாங்கிகீறாங்க. அவரு கையில மட்டும் குடுத்துராதீங்க, செவப்பு மை ஊத்திருவாருன்னாங்க."

ஒன்பது பெண்கள் மாடிப்படியில் இறங்கிப்போன ஓசையைக் கேட்டபடி நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து நானே பூங்காவுக்குப் போனேன். மாநகராட்சிப் பூங்கா. முட்டை வடிவில் நடைபாதை. ஒரு முறை சுற்ற ஏழு நிமிடம். உடற்பயிற்சிக் கருவிகளில் பாதி, நோயாளிகளைப் போலக் கட்டுப் போட்டு நின்றன. ஆறு மணிக்கு அந்தக் கூட்டம் வந்தது. கேன்டீன் அம்மாளிடம் என் கோரிக்கையை மீண்டும் வைத்தேன். நான் திருத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார் என்றேன்.

அவர் மற்றவர்களைக் கூட்டி வேப்பமரத்தடியில் பேசினார். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அனுப்ப மாட்டோம். ஆனா அக்கா, கையில குடுக்காதீங்கன்னுதான் சொன்னாங்கோ. நடக்க வுடாதீங்கன்னு சொல்லல. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஒண்ணு போடுவோம். நீங்களும் எங்க ரூலுப்படி நடந்துகினே கேட்டுக்கோங்க."

இதைச் சட்டத்தின் சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான வேறுபாடு என்பார்கள். மண்ணூர்பேட்டை கேன்டீனில் அதை எங்கே கற்பிக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை, புதிதாகச் சேர்பவர் தம்மை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். செய்தேன். நான்கு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் எழுவாயில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்தது. மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிற ஒரு பெண்மணி என் பக்கத்தில் நடந்தார். அறுபது வயது, முழங்காலில் பட்டை.

"நல்லாத்தான் பேசுதிய அண்ணாச்சி" என்றார். "ஆனா ரயில்வே ஸ்டேஷன்ல ரயிலு வருதுன்னு சொல்லுவாவள்லா, அந்த மாதிரி இருக்கு."

பிறகு தன் முறைக்கு ஆங்கிலத்தில் தொடங்கினார். "மை சன், ஹிஸ்செல்ஃப் அண்ட் ஒய்ஃப், போத் ஆபீஸ். ஐ ஒன்லி ஹவுஸ்."

நான் உறுதியோடுதான் வந்திருந்தேன். ஆனால் 'ஹிஸ்செல்ஃப்' என்று ஒரு சொல் உலகத்தில் எங்குமே இல்லை. வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிட்டது. "ஹிம்செல்ஃப்" என்றேன்.

"ஒரு ரவுண்டு!" என்று ஒன்பது குரல்கள் எழுந்தன. பூங்காக் காவலர்கூடச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

விதியின் பிற்பகுதி அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. திருத்தியவர் தனியே நடக்கக் கூடாது. திருத்தப்பட்டவரும் அந்தச் சுற்றில் கூடவே நடக்க வேண்டும். திருத்தப்பட்டவர் வாய் ஓயாமல் ஆங்கிலம் பேசலாம். எத்தனை பிழை வேண்டுமானாலும் செய்யலாம். திருத்தியவர் சுற்று முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நெல்லை அம்மாள் அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தினார். ஏழு நிமிடத்தில் தம் முழங்கால், மகனின் கடன், பேத்தியின் பரதநாட்டியம், ஆவடியில் உள்ள ஒரு பல் வைத்தியர் ஆகிய நான்கையும் என்மேல் ஏவினார். இலக்கணம் தரையில் கிடந்து துடித்தது. ஆனால் மகன் வீட்டில் பகல் முழுவதும் அவரிடம் பேச ஆளில்லை என்பதும், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் ஓசையில் தமக்குத் தாமே பேசிக்கொள்கிறார் என்பதும் எனக்குத் துல்லியமாகப் புரிந்தன. நான் வாயைத் திறந்திருந்தால் அவர் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார். இந்தத் தண்டனையை வகுத்தவள் எதை அறிந்து வகுத்தாள் என்று யோசித்தபடி சுற்றை முடித்தேன்.

அதன் பிறகு கேன்டீன் அம்மாள் கைபேசியை உயர்த்திப் பிடித்து, முதல் பதிவை ஒலிக்கவிட்டார்.

அவள் குரல் என்று அறிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. நான் அறிந்த குரல் 'காபி வைத்திருக்கிறேன்' என்று சொல்லும், அதற்குமேல் போகாது. இது வேறு வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததில் தாவி, நடுவில் தானே சிரித்து, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கியது. பின்னணியில் காக்கை கத்தியது. மொட்டை மாடி. 'துணி உலர்த்திவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவாள். சிகிச்சை நாள்களில் துணியை நான் உலர்த்துகிறேனே என்றால் வேண்டாம் என்பாள். எந்தத் துணி அவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் கேட்டதில்லை.

பேச்சின் பொருள் நான். வியாழன்தோறும் நானே பொருளாக இருந்தேன் என்று போகப் போகத் தெரிந்தது. நான் மருத்துவமனையில் மருந்துச் சீட்டைத் திருத்தியது. நான் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை சிவப்பு மையால் மதிப்பெண் இட்டு வைத்திருப்பது. நான் உறக்கத்தில் 'நோ, நோ' என்பது. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, என்னை மறந்து சிரித்தார்கள். ஆறாம் பதிவில் என் கையேடு வந்தது.

"ஹிஸ் புக்ல செவன் ராங் சென்டென்ஸ் மைன் ஒன்லி" என்றாள். "ஐ ஒன்லி செட், ஐ ஒன்லி டைப்டு. ஸோ மைசெல்ஃப் ஆல்ஸோ ஆத்தர்!"

பெண்கள் கை தட்டினார்கள். நான் ஷூக் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தேன். அவளுக்கு நினைவிருந்தது. ஏழையும் எண்ணியிருந்தாள். அந்த மூன்று வாக்கியங்களில் குறைந்தது நான்கு பிழைகள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பதிவுகளில் ஒன்றையும் நான் திருத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். திருத்தாதிருப்பது எனக்குக் கடினமாகவே இருந்தது; நாள்பட எளிதானது என்று எழுதினால் அது பொய்.

அதைவிடக் கடினமாக இருந்தது கணக்கு. பன்னிரண்டில் ஆறு போனால் ஆறு. பத்துப் போனால் இரண்டு. வாரத்தின் மற்ற ஆறு நாள்களில் நான் எனக்கே சமைத்துக்கொண்டேன், எனக்கே காபி கலந்துகொண்டேன், எனக்கு நானே பேசிக்கொண்டேன். செய்பவரும் ஆளாகிறவரும் ஒருவரே என்ற என் விதிக்கு, வாழ்நாள் முழுவதும் தேடினாலும் இவ்வளவு பிழையற்ற சான்று கிடைத்திருக்காது. வியாழக்கிழமை மட்டும் வேறொருவர் பேசினார். பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு பேச மாட்டார்.

பன்னிரண்டாம் வியாழனுக்கு முந்தைய நாள் கேன்டீன் அம்மாளிடம், கடைசிப் பதிவை இரண்டு வாரம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன்.

"தள்ளி வெச்சா மட்டும் பதிமூணு ஆயிருமா சார்?" என்றார். பிறகு, "எனக்கும்தான் கஷ்டமா கீது" என்றார்.

பன்னிரண்டாம் பதிவில் அவள் குரல் மெலிந்திருந்தது. சிரிப்பு இருந்தது, ஆனால் சிரிப்புக்கும் சொல்லுக்கும் இடையே நேரம் எடுத்துக்கொண்டாள். பூந்தமல்லிக்குப் போன ஒரு மாலையைப் பற்றிச் சொன்னாள். எனக்கும் அது நினைவிருந்தது, ஒரு மோசமான நாளாக. மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். மருத்துவர் சொன்னவை நல்லவையாக இல்லை. வழியில் ஒரு டியூஷன் சென்டரின் பலகையில் 'யுவர்செல்ஃப்' என்பதை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். நான் உள்ளே போய் உரிமையாளரை வெளியே அழைத்து, பலகைக்குக் கீழே நிறுத்தி விளக்கத் தொடங்கினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் பக்கத்துக் கடையின் ஓட்டுக்கடியில் ஒதுங்கி நின்றிருந்தாள். காக்கவைத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்கு உறுத்தியது, சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு. அது ஒரு பஜ்ஜிக் கடை. எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று மருத்துவர் அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார். "மை ஹஸ்பண்ட் ஃபைட்டிங் வித் ஒன் போர்டு" என்றாள். "தட் டைம் ஐ ஈட் டூ பிளேட் பஜ்ஜி. வெங்காயம் ஒன் பிளேட், வாழக்கா ஒன் பிளேட். ஹாட் ஹாட். ரெயின் ஆல்ஸோ கமிங். நோபடி ஆஸ்க்கிங் எனி கொஸ்டின்." பின்னணியில் காக்கைகள் கத்தின. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "ஐ என்ஜாய்டு மைசெல்ஃப்."

அத்துடன் பதிவு முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது ஜோடி ஷூக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நெல்லை அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். கேன்டீன் அம்மாள் கைபேசியைத் தாழ்த்தி, அதன் முகத்தைப் புடவையில் துடைத்து, இடுப்பில் செருகப் போனார்.

"தவறு" என்றேன்.

அவர் கை நின்றது. "இன்னா சார்?"

"கடைசி வாக்கியம். தவறு."

"கடைசி நாளு கூடவா சார்?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தக் குரலில் இருந்த வெறுப்புக்கு நான் உரியவன்தான்.

நெல்லை அம்மாள் முன்னே வந்தார். "எது அண்ணாச்சி தப்பு? எம் பேத்தி புஸ்தகத்துல அப்படித்தான போட்ருக்கு. நாங்கூட யக்காட்ட கேட்டுப் படிச்சேன்."

"தவறுதான். நான் திருத்துகிறேன்."

முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு சரியான வாக்கியத்தின் தலையில் நான் பெருக்கல் குறி இட்டதில்லை. கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இதே வாக்கியம்தான் சரியான வடிவமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவள் அவள்.

கேன்டீன் அம்மாள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகச் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டுகிறவர்களைப் பார்த்து, யாருக்கு இன்னொரு கரண்டி வேண்டும் என்று கேட்காமலே அறிந்தவரின் பார்வை அது.

"சரி" என்றார். "ரூலு ரூலுதான். ஒரு ரவுண்டு."

"திருத்தப்பட்டவரும் கூட நடக்க வேண்டும்" என்றேன்.

"கையில குடுக்கக் கூடாதுன்னு சத்தியம்டி" என்றார் பின்னாலிருந்தவர்.

"அவரு கையிலயா குடுக்கறேன்? அக்காவத்தான் கூட அனுப்பறேன்."

அவர் திரையை விரலால் மேலே தள்ளி, முதல் பதிவுக்குப் போய், அதை ஒலிக்கவிட்டார். கைபேசியை என் சட்டைப் பையில், திரை வெளிப்பக்கம் தெரியும்படி வைத்தார்.

"பன்னெண்டும் முடியறதுக்குள்ள நிக்கக் கூடாது" என்றார். "நாங்கோ இங்கியே கீறோம். அடுத்த வாரமும் எதுனா தப்பு கண்டுபிடிங்க."

வேப்பமரத்தைத் தாண்டினேன். பையில் காக்கை கத்தியது. அவள் மூச்சு வாங்கிச் சிரித்து, "மைசெல்ஃப் ஃபைன் டுடே" என்று தொடங்கினாள். விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை.